ஏப்ரலில் ஏரியைக் கடப்பது

கரையிலிருந்து பிக்கப் வண்டி உறைந்த ஏரிக்குள் இறங்கியபோது சில்லுகளின் கீழே தண்ணீர் சளசளத்தது. பனிக்கட்டியின் மேலே கணுக்கால் அளவுக்கு உருகிய தண்ணீர் நின்றது. அதற்குள் மத்தியான வானம் தலைகீழாகக் கிடந்தபடியால், வாகனம் பனியின் மேல் ஓடுகிறதா வானத்துக்குள் இறங்குகிறதா என்று சுகிர்தாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அவள் பின் ஆசனத்தில் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஷாய்லாவின் தலை இருந்தது. மாதம் நிறையாத வயிற்றோடு இடப்பக்கமாகச் சரிந்து படுத்திருந்த அந்தப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. யன்னலுக்கு மேலே கோட்டு மாட்டுகிற கொளுக்கியில் மருந்துப் பை தொங்கியது. சின்னப் பெட்டி ஒன்று அதிலிருந்து மருந்தை அளந்தளந்து அவளுடைய கைநரம்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. “பெல்ட்டைக் கழட்டு, சுகி. யன்னலையும் இறக்கிவிடு,” என்றாள் முன்னால் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்த வெர்னா. பனி உடைந்து வாகனம் கீழே போனால் கதவைத் திறக்க முடியாது, யன்னலால்தான் வெளியே வரவேண்டும், பெல்ட் போட்ட ஆள் அதோடேயே போய்விடும் என்பது இந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். சுகிர்தா தன்னுடையதைக் கழற்றினாள். ஷாய்லாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த பெல்ட்டில் கை வைத்தபோது விரல்கள் நின்றுவிட்டன. கழற்றினால், வலிப்பு வந்தால், பிள்ளை உருண்டு கீழே விழும். கழற்றாவிட்டால், பனி உடைந்தால், பிள்ளை அதோடேயே போகும். வலிப்பா, பனியா? எது முதலில் வரும் என்று யாரைக் கேட்பது? கழற்றினாள். கழற்றிவிட்டு இடது கையை அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் மாதிரிப் போட்டுக்கொண்டாள். அப்படிப் போட்டதும் அடுத்த நினைப்பு வந்தது. இந்த யன்னலால் இந்த வயிற்றை எப்படி வெளியே தள்ளுவது? முதலில் ஊசியைப் பிடுங்கவேண்டும், பிறகு தலையா காலா, தலைதான், தலையை வெளியே விட்டுத் தோளைச் சரித்து, தண்ணீர் அதற்குள் எவ்வளவு வந்திருக்கும், ஊசியைப் பிடுங்கினால் ரத்தம் வருமே. தண்ணீருக்குள் போகிற நேரத்தில் ரத்தத்தைப் பற்றி யோசிக்கிறாயே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஏசிவிட்டுத் திரும்பவும் ஊசியிலிருந்து தொடங்கினாள்.

ஏரிக்கு அந்தப் பக்கத்தில் விமான ஓடுபாதை இருந்தது. இந்தப் பக்கத்தில் ஹெரன் முனை என்ற இந்தப் பூர்வகுடி ஊரும் அதன் ஒற்றை மருத்துவ நிலையமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கோடையில் படகு, குளிரில் பனிப்பாதை. இரண்டும் சரிவராத இடைக்காலத்தில் ஹெலிகொப்டர் வந்து நோயாளியைத் தூக்கிப் போகும். ஆனால் அரசாங்கத்தின் நிதியாண்டு பங்குனியோடு, மார்ச் கடைசியோடு, முடிந்துவிட்டது. புது ஆண்டுக்கு ஹெலிகொப்டர் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று பிராந்திய அலுவலகத்தில் இருந்தவர் காலையில் தொலைபேசியில் சொன்னார். நல்ல மனிதர், குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இரண்டாவது தாதிக்கான பணமும் அதே பங்குனியோடு முடிந்தது. புதிதாக ஒதுக்குவார்களா என்பது வரவுசெலவுத் திட்டம் வந்தால்தான் தெரியும். அதுவரைக்கும் இந்த ஊருக்குத் தாதி என்றால் சுகிர்தா ஒருத்திதான். பனிப்பாதையையும் மூடிவிட்டார்கள், கரையில் குறுக்குத்தடி போட்டிருந்தது, வெர்னாதான் இறங்கி அதைத் தூக்கி ஒரு பக்கமாக வைத்தாள். வெர்னாவின் வேலையும் பங்குனியோடு முடிந்திருந்தது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரின் சுகாதாரப் பணியாளர் அவள்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை இல்லாதவளாகி, வைகாசியில் புது நியமனக் கடிதம் வந்தபிறகு திரும்பவும் பணியாளராவாள். அப்படியென்றால் இன்றைக்கு இந்த வாகனத்தை ஓட்டுகிறவள் யாரும் இல்லை. சட்டப்படி யாரும் இல்லாத ஒருத்தி, சட்டப்படி இல்லாத ஒரு பாதையில் சுகிர்தாவை ஏற்றிக்கொண்டு போகிறாள். சுகிர்தா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அதென்ன சொல் என்று வெர்னா ஒருநாள் கேட்டு, விளக்கியதும் சிரித்து, தங்கள் மொழியிலும் மூத்த சகோதரிக்கென்று தனிச் சொல் உண்டு, ஆங்கிலத்தில்தான் இல்லை என்றாள். அன்றிலிருந்து வெர்னாவும் அவள் வீட்டாரும் ஆங்கிலத்தில் என்ன சொன்னாலும் சுகிர்தாவின் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாக வந்து விழத் தொடங்கிவிட்டது. இப்போதும் அப்படித்தான் விழுந்தது. “தண்ணி மேலை நிக்கிற மட்டும் பயமில்லை. ஓட்டையிருந்தால் தண்ணி வடிஞ்சிருக்கும். காய்ஞ்சு சாம்பல் நிறமாய்க் கிடக்கிற இடம்தான் கூடாது.” ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு சுகிர்தாவின் கண்கள் முன்கண்ணாடிக்கு அப்பால் காய்ந்த இடம் தேடத் தொடங்கின. தேடாதே என்று சொன்னால் கேட்கிற கண்களா அவை?

மூச்சைப் பார், என்றாள் தனக்கு. ஏரியைப் பார்க்கிற வேலை வெர்னாவுக்கு, உனக்கு மூச்சு. ஷாய்லாவுக்கு ரத்த அழுத்தம் காலையில் ஏறிய ஏற்றத்தில் கருவி காட்டிய எண்ணை நம்பாமல் மற்றக் கையிலும் கட்டிப் பார்த்திருந்தாள். தலையிடி, கண்ணில் மின்னல், முகம் ஊதியிருந்தது. கர்ப்பிணிகளுக்கு அழுத்தம் ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடுகிற நோய். தொலைபேசியில் இருந்த வைத்தியர் மக்னீசியத்தைத் தொடங்கச் சொன்னார். குறைந்தால் வலிப்பு வரும், கூடினால் மூச்சு நிற்கும். கூடிவிட்டால் போட ஒரு மாற்றுமருந்து இருக்கிறது. அதைப் பைக்குள் வைத்தேனா? அலுமாரியைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. கண்ணாடிக் குப்பி கையில் குளிர்ந்தது ஞாபகம் இருக்கிறது. அந்த நேரம் வெர்னா வந்து வாகனம் தயார் என்றாள். திரும்பினேன். திரும்பும்போது குப்பி கையில் இருந்ததா, மேசையில் இருந்ததா? பை காலடியில்தான் கிடந்தது. குனிந்தால் மடியிலிருக்கிற தலை அசையும், அசைந்தால் பிள்ளை பயப்படும், பயந்தால் அழுத்தம் ஏறும். அலுமாரி. குப்பி. வெர்னா. திரும்பினேன். ஒரே இடத்தில் வந்து வந்து நின்றது. யாழ்ப்பாணத்தில், காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடக்கிற மிதவையைப் பாதை என்றுதான் சொல்வார்கள். பாதை வந்திட்டுது, பாதை போயிட்டுது, பாதையைப் பிடிக்கவேணும். கடல்மேல் அசைகிற ஒரு பலகைத் தட்டுக்குப் பாதை என்று பெயர் வைத்த சனத்தின் துணிச்சலை என்ன சொல்வது. சின்ன வயதில் ஒருமுறை நடுக்கடலில் இயந்திரம் நின்றது. பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சுகிர்தாவுக்கு அப்போது கொஞ்சமும் பயம் வரவில்லை, பசிதான் வந்தது. தண்ணீர் அங்கே ஒளிக்காமல் பச்சையாகத் தெரிந்தது. இங்கே அது பனிக்குக் கீழே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. அலுமாரி. குப்பி. காலால் பையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கால்விரலால் பையின் வாயை அகட்டினாள். விரலில் கண்ணாடியின் குளிர் பட்டது. அது அந்தக் குப்பிதானா என்று பார்க்க முடியாது. இருந்தாலும் பட்ட இடத்திலேயே கால்விரலை வைத்திருந்தாள்.

“இது அதுதானே?” என்று ஷாய்லா கண்ணைத் திறக்காமல் கேட்டாள். எது என்று கேட்டு நேரம் கடத்தலாம் என்றுதான் சுகிர்தா முதலில் நினைத்தாள். வேறு நோயாளிகளிடம் அப்படிச் செய்திருக்கிறாள். இந்தப் பிள்ளையிடம் முடியாது. தாதிப் படிப்பில் ஒன்றரை வருடம் இருந்தவள், இந்த நோய் இருக்கிற பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதியவள். “ஓம்,” என்றாள் சுகிர்தா. அந்தப் பாடத்தில் ஒரு படம் இருந்தது, வலிப்பு வந்த பெண்ணின் படம், அந்தப் படத்தை எப்போதும் கையால் மூடிக்கொண்டுதான் படித்தேன் என்றாள் ஷாய்லா. மருந்து நாக்கைத் தடிக்க வைத்திருந்தபடியால் சொற்கள் குழறின. குழறுவது மருந்தாலா, மருந்து கூடியதாலா? சுகிர்தா அவளுடைய முழங்காலுக்குக் கீழே விரல்களால் தட்டிப் பார்த்தாள். கால் இலேசாக உதறியது. உதறினால் நல்லது, மருந்து கூடவில்லை. மூச்சை எண்ணினாள், நடுவில் வாகனம் ஒரு வெடிப்பின் மேல் ஏறி இறங்கியது, எண்ணிக்கை விட்டுப்போனது, முதலிலிருந்து தொடங்கினாள்.

ஒன்றரை வருடம். ஷாய்லா தெற்கே நகரத்துக் கல்லூரியில் சேர்ந்த நாளில் ஊரே அவளை வழியனுப்ப இதே ஏரிக்கரைக்கு வந்ததாக வெர்னா சொல்லியிருக்கிறாள். வெர்னாவின் தங்கச்சி மகள். படித்து முடித்ததும் ஹெரன் முனையின் நிலையத்துக்கே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். பூர்வகுடி மாணவர்களுக்கு வருகிற படிப்புதவிப் பணத்தில்தான் அறை வாடகை, சாப்பாடு, புத்தகம் எல்லாம். போன வருடம் அந்தப் பணத்தை வருமானம் என்று கணக்கில் எடுத்து வரி கட்டச் சொல்லி வரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. ஷாய்லா முதலில் ஆள்மாறி வந்துவிட்டது என்று நினைத்தாளாம், நான் எங்கே வேலை செய்தேன், நான் படிக்கிற பிள்ளையல்லவா என்று. வெர்னா நிலையத்துத் தொலைபேசியில் பின்னேரம் பின்னேரமாகக் காத்திருந்து கேட்டாள். படிப்பு என்பது எங்கள் மூத்தவர்கள் அரசாங்கத்தோடு நிலத்தைப் பகிர்ந்தபோது உடன்படிக்கையில் வாங்கிக்கொண்ட வாக்கு, அது சம்பளமும் இல்லை, பிச்சையும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். மறுமுனையில் யார் எடுத்தாலும் தணிவாகவே கதைத்தார்கள், மேன்முறையீடு செய்யலாம், தவணை முறையில் கட்டலாம் என்றார்கள். தை மாதம் ஷாய்லா ஒரு படிப்புத் தவணை மட்டும் நின்று, வரிக்கு உழைத்துவிட்டுத் திரும்பிப் போவதாகச் சொல்லி ஊருக்கு வந்தாள். கடையில் காசாளராக நின்றாள். வயிறு தெரியத் தொடங்கியது. திரும்பிப் போகிற கதை குறைந்தது. சுகிர்தா கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் பாலையும் முட்டையையும் பையில் வைத்தபடி, வட்டக் கிருமி, நீளக் கிருமி என்று பாடத்தில் ஏதாவது சந்தேகம் கேட்பாள். படிப்பு நிற்காமல் இருந்திருந்தால், இன்னும் ஒன்றரை வருடத்தில் இவள் இப்படி மடியில் தலை வைத்துப் படுக்காமல், தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் பையைப் பாருங்கோ, நான் மூச்சைப் பார்க்கிறேன் என்று சொல்கிறவளாக இருந்திருப்பாள். அப்படியொரு ஆள் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று சுகிர்தா நினைத்தாள்.

“நேற்று வந்தனான்,” என்றாள் ஷாய்லா.

“எங்கை?”

“உங்களிட்டை. தலையிடி தொடங்கினவுடனை. கதவிலை எழுதியிருந்தது, அவசரமெண்டால் மட்டும் தட்டவும் எண்டு. தலையிடி அவசரமோ இல்லையோ எண்டு கொஞ்ச நேரம் நிண்டு யோசிச்சன். பிறகு திரும்பிப் போயிட்டன்.”

 முன்னால் வெர்னாவுக்கும் அது கேட்டிருக்கும். அந்தக் கடதாசியைச் சுகிர்தாவேதான் எழுதினாள், தடித்த நீலப் பேனாவால், எழுத்துக் கோணாமல் இருக்க அடிமட்டம் வைத்து. தனியாக நிற்கிற தாதி இடையில் நித்திரை கொள்ளாவிட்டால் தவறு விடுவாள், நித்திரைக்கு நேரம் ஒதுக்கவேண்டும் என்று அலுவலகத்திலிருந்துதான் சொன்னார்கள், சொன்னதில் பிழையும் இல்லை. முந்திய நாள் முழுக்க ஒரு கிழவரின் நெஞ்சுவலியோடு உட்கார்ந்திருந்தவள் நேற்றுப் பின்னேரம் செத்த பிணம் போலத் தூங்கினாள். அந்த நேரம் இந்தப் பிள்ளை கதவுக்கு வெளியே நின்றிருக்கிறது. தட்டக் கையைத் தூக்கியிருக்குமா? நான் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்? கனவு ஏதாவது வந்ததா? நேற்றே பார்த்திருந்தால் நேற்றே விமானம், நேற்று குளிர் கூடுதல், நேற்றுப் பனி கெட்டி. இரண்டு பேர் இருந்திருந்தால் கதவில் கடதாசி இல்லை. கடதாசி இல்லாவிட்டால் நேற்று. நேற்று என்றால் இந்த ஏரி இல்லை. தொலைபேசியில் பேசிய அந்த நல்ல மனிதருக்கு இதை எப்படிச் சொல்வது, எந்தக் குரலில் சொன்னால் விளங்கும்? இப்போது அந்தக் கதவைப் பூட்டி வேறு வந்திருக்கிறோம். இந்த நிமிடம் யாராவது அதன் முன்னால் நிற்கலாம். நெஞ்சுவலிக் கிழவர் நிற்கலாம். கடதாசியை வாசித்துவிட்டு, அவசரம்தான் என்று முடிவு செய்து, தட்டிக்கொண்டே நிற்கலாம். மன்னித்துக்கொள் என்று ஷாய்லாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல்லை இப்போது சொன்னால் அந்தப் பிள்ளை, இவ எதுக்கு மன்னிப்புக் கேட்கிறா, நான் சாகப்போகிறேனோ என்று நினைக்கும். அதனால் நெற்றியைத் தடவினாள். நெற்றி வியர்த்திருந்தது. அவளுடைய கையும் வியர்த்திருந்தது, எது யாருடையது என்று தெரியவில்லை.

அப்போதுதான் சளசளப்பு நின்றது. சத்தம் நின்றதை முதலில் காதுதான் கவனித்தது. பிறகு கண் பார்த்தது. முன்னால் தண்ணீர் இல்லை. சாம்பல் நிறத்தில், பூச்சி அரித்த பலகை போலக் காய்ந்த பனி பாதையின் முழு அகலத்துக்கும் கிடந்தது. பாதையோரம் அடையாளத்துக்கு நட்டிருந்த மரக்கொம்புகள் சரிந்து படுத்திருந்தன.   வெர்னா தன் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாகனத்தை ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைத்தாள். எங்கேயோ தூரத்தில் ஏரி உறுமியது. அந்த உறுமல் பனிக்குள்ளாலேயே ஓடி வந்து, வாகனத்துக்குக் கீழே கடந்து, பின்னால் கரைப்பக்கம் போனது. சுகிர்தாவின் முதுகெலும்பு அது போன வழியை உணர்ந்தது. ஊரில் சண்டைக்காலத்தில் ஷெல் வருகிற சத்தத்துக்கும் இப்படித்தான் முதுகு முதலில் கூசும். வேண்டாம், அதை நினைக்காதே, அது வேறு, அங்கே நிலம் கெட்டியாக இருந்தது. மடியில் ஏதோ நடுங்கியது. ஷாய்லாவின் கை. விரல்கள் துடித்தன. வாகனத்தின் நடுக்கமா? இல்லை, வாகனம் ஊர்கிறது. என் மடி நடுங்குகிறதா? தொடங்கிவிட்டதா? முகத்தைப் பார்த்தாள். கண் பாதி திறந்திருந்தது, வெள்ளை தெரிந்தது. ஷாய்லா, ஷாய்லா என்று கூப்பிட்ட குரல் தன்னுடையது மாதிரி இல்லை. பதில் இல்லை. தன் கைக்குள் அந்தக் கையை எடுத்தாள். அது அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தது. வலிப்பில் இறுக்குகிற பிடியா, பயத்தில் பிடிக்கிற பிடியா? “என்ரை விரலை ரெண்டு தரம் அமத்து,” என்றாள். ஒன்றும் நடக்கவில்லை. ஏரி திரும்பவும் உறுமியது. பிறகு, மெதுவாக, ஒரு அமுக்கு. நெடுநேரம் கழித்து இன்னொன்று. சுகிர்தா மூச்சு விட்டாள். அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள், காற்று கண்ணீரைக் காதுப் பக்கமாகத் தள்ளியது. அந்தச் சாம்பல் துண்டு எவ்வளவு நீளம் என்று அவளுக்குப் பிறகு ஒருபோதும் சொல்லத் தெரியவில்லை. சில்லுகள் திரும்பத் தண்ணீருக்குள் இறங்கிச் சளசளத்தபோது, வெர்னா கதவைச் சாத்திவிட்டுத் தங்கள் மொழியில் ஏதோ மெல்லச் சொன்னாள். அது மட்டும் சுகிர்தாவின் காதில் தமிழாக வரவில்லை.

எதிர்க்கரை ஓடுபாதையில் விமானம் நின்றது. மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பேர் தூக்குபடுக்கையோடு தண்ணீர் விளிம்புவரை வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் சுகிர்தா ஒழுங்காகவே சொன்னாள். மருந்து எவ்வளவு, எப்போது தொடங்கியது, கால் எப்படி உதறுகிறது, மூச்சு எப்படி. குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஒரு காலில் சப்பாத்து இல்லாமல் பனிச்சேற்றில் நிற்கிறாள் என்பது அவர்களில் ஒருவர் கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது. கூட வரமுடியுமா என்று ஷாய்லா கேட்கவில்லை, வரமுடியாது என்பது அவளுக்குத் தெரியும். வெர்னா குனிந்து அவளுடைய நெற்றியில் கன்னத்தை வைத்தாள். கதவு மூடியது. ஷாய்லாவுக்கு அன்றிரவே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள் என்பதும், இரண்டு கையாலும் அள்ளக்கூடிய பெண்பிள்ளை என்பதும், தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டார்கள் என்பதும் மறுநாள் மத்தியானம்தான் சுகிர்தாவுக்குத் தெரியவந்தது. அந்த நேரம் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் விமானம் சின்னதாகி மேகத்துக்குள் போனதும், போன பிறகும் காதுக்குள் அதன் இரைச்சல் இருந்ததும்தான்.

சூரியன் சரிந்து குளிர் இறங்கினால் பனி கொஞ்சம் இறுகும், அதுவரைக்கும் ஓடுபாதைக் கொட்டகைக்குள் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள் வெர்னா. அங்கே அடுப்பும் தேத்தண்ணியும் இருக்கும். சுகிர்தாவின் உடம்பு முழுவதும் ஓம் என்றது.  அந்தச் சாம்பல் துண்டு கண்ணுக்கு முன்னால் திரும்பவும் விரிந்தது, இப்போது பொறுப்புக்கு ஒரு நோயாளியும் இல்லை, பயத்தை மறைக்க ஒரு முகமும் இல்லை, வெறும் பயம் மட்டும்தான். அவள் சப்பாத்தைத் தேடி எடுத்து ஈரக் காலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தபோது வாகனத்து இருவழி வானொலி கரகரத்தது. ஒரு ஆணின் குரல், அவசரமில்லாமல், வெர்னாவின் மொழியில் ஏதோ கேட்டது. வெர்னா கேட்டுவிட்டு ஒலிவாங்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சுகிர்தாவைப் பார்த்தாள்.

“நிலையத்துக்கு முன்னாலை ஆரோ நிக்கினமாம். சின்னப் பிள்ளையோடை. உள்ளை ஆரும் இருக்கினமோ எண்டு கேக்கிறார்.”

  சுகிர்தா ஏரியைப் பார்த்தாள். பார்த்தபடியே கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கினாள்.  மற்றக் கையாலும் பிடித்துப் பொத்தானை அமத்தினாள்.

“வந்துகொண்டிருக்கிறம்,” என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள்.